காலில் கட்டிய ரத்தம்

காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும் என்று எங்கள் ஆட்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பட்டுத்தான் தெரிந்தது. இப்போது காற்றுக்காலம். வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, வேலை இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது மட்டும் படித்தவன். எழுத்து இவ்வளவுதான் வரும்.

நான் சங்கு குளிக்கிறவன். தூத்துக்குடிக்குக் கிழக்கே எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத் தண்ணியில் முங்கி, மணலில் கிடக்கிற சங்கை எடுத்து வருவோம். முன்னே முத்துக் குளித்த ஆட்கள்தான் நாங்கள். சிப்பி இல்லாமல் போன பிறகு சங்கு ஒன்றுதான். முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கிடக்கும். மறுமுனை வள்ளத்தில் மச்சினன் கையில். எங்கள் வழக்கத்தில் கயிறு பிடிக்கிறது பெண்டாட்டி கூடப் பிறந்தவன்தான். அக்காள் தாலியை அவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை. என் கயிறு சூசை கையில் இருந்தது. என் பெண்டாட்டி பிரகாசியின் தம்பி. அவனுக்கு வாய் நிற்காது. கை நிதானம்.

மூச்சை அளக்க எங்களிடம் கடிகாரம் கிடையாது. கோயிலில் சொல்கிற விசுவாசப் பிரமாணம் என்ற ஜெபம்தான் அளவு. முங்கும்போது மனசுக்குள் சொல்லத் தொடங்கினால், அதில் போஞ்சு பிலாத்து என்ற பேர் வருகிற இடத்தில் காலில் மணல் தட்டும். ஆமென் வருகிற வரைக்கும் சங்கு பொறுக்கலாம். பிறகு கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மேலே தூக்கிவிடுவான். கயிறு பிடிக்கிறவனும் மேலே இருந்து அதையே சொல்லிக்கொண்டிருப்பான். நான் ஆமெனுக்கு மேலேயும் நின்று, இரண்டாம் தடவை பிலாத்தைத் தொட்டுவிட்டு வருகிற ஆள். அந்த மூச்சை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷத்துச் சங்குக் குளி தொடங்குவதற்கு முன்னே, வள்ளத்தைத் தண்ணியில் தள்ளும்போது திருக்கையை மிதித்துவிட்டேன். முள் இடது கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. புண் சீழ் வைத்தது. காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் பாயிலேயே கிடந்தேன். புண் ஆறியது. ஆனால் கெண்டைக்கால் வீங்கிக்கொண்டது. தொட்டால் சூடு. ஊன்றினால் கயிறு முறுக்கின மாதிரி இழுக்கும். முள்விஷம் இன்னும் இறங்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். விஷம் இறங்கத் தேய்க்க வேண்டும். பிரகாசி வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுட வைத்து, காலையும் சாயந்தரமும் முழங்காலில் இருந்து கீழே அழுத்தி இழுத்துத் தேய்ப்பாள். அவளுக்குக் கைப்பலம் உண்டு. உப்பளத்தில் உப்பு வாரும் பலகை பிடித்த கை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். நோவு இருந்தால்தான் விஷம் இறங்குது என்று அர்த்தம் என்றார்கள்.

குளி தொடங்கிய அன்றைக்கு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. விடியும் முன்னே தேய்த்துவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

முதல் முங்கிலேயே வந்தது. பிலாத்து வரவில்லை, மணல் தட்டவில்லை. வலது விலாவில் கத்தி இறங்கினது மாதிரி ஒரு குத்து. கயிற்றை இழுத்தேன். தூக்கிவிட்டான். வள்ளத்தில் விழுந்து வாயைத் திறந்து இழுத்தேன், காற்று உள்ளே போகவில்லை. கடலில் மூச்சு முட்டுவது எனக்குப் பழக்கம். மேலே வந்தால் சரியாகிவிடும். இது மேலே வந்த பிறகு முட்டியது. அந்த வித்தியாசம் அப்போதே எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. பிறகு இருமினேன். உள்ளங்கையில் ரத்தம்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். வெளியாள் என்றால் ரத்தத்தைக் கண்டு பதறியிருப்பான். எங்களுக்கு ரத்தம் புதுசு இல்லை. குளி தொடங்கிய நாளில் மூக்கில், காதில் ரத்தம் வருவது நல்லது என்பார்கள். கடலுக்குக் கப்பம் கட்டியாயிற்று, இனிமேல் அந்த வருஷம் பயமில்லை என்று கணக்கு. வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சூசை கடல் தண்ணியை மோந்து என் கையில் ஊற்றினான்.

“அத்தான் கப்பம் கட்டியாச்சு. வீட்டுல அக்கா கையால படுத்துத் தின்னு உடம்பு பூசிப்போச்சுல்லா, அதான் மூச்சு ஏறல” என்றான்.

மூக்கு ரத்தம் சும்மா ஒழுகும். இது இருமலோடு வந்தது, கறுத்து, சளியோடு கலந்து. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மறுபடி முங்கவில்லை. வள்ளத்து மூலையில் உட்கார்ந்தே கரைக்கு வந்தேன்.

மறுநாள் வீட்டில் இருந்து கோயில் வரைக்கும் நடக்க முடியவில்லை. கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்வை ஊற்றியது. சூசை சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துக் கொண்டுவந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. பெஞ்சில் இடம் இல்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சுவரில் சாய்ந்து நின்றேன். பிரகாசி என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் கையைக் கொடுத்திருந்தாள். உச்சி வெயிலில்தான் உள்ளே போனோம். டாக்டர் ரத்தம் துப்புகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை நாளாய் இருமல் என்றார். சொன்னேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார், சளி கொண்டுவரச் சொன்னார், வார்டில் படுக்கச் சொன்னார். காலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நெஞ்சு நோவுக்கு வந்தவன் காலை எதற்குக் காட்டப் போகிறேன்?

இருமலில் ரத்தம் என்றால் எல்லோருக்கும் நினைப்பு ஒன்றுதான், டி.பி. என்னை வராண்டாக் கடைசியில் போட்டார்கள். காலையில் எழுந்ததும் டப்பாவில் சளி துப்பிக் கொடுக்க வேண்டும். படத்தில் வலது பக்கம் அடியில் ஒரு நிழல் தெரிகிறது என்றார்கள். சளியில் கிருமி தெரியவில்லை. மறுபடி துப்பு என்றார்கள். மறுபடியும் தெரியவில்லை. எனக்கு மூச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. ஆழமாய் இழுத்தால் விலாவில் குத்தும். குத்துக்குப் பயந்து மேலோட்டமாய் இழுத்தால் போதாது. நாய் இரைக்கிற மாதிரி இரைத்துக்கொண்டு கிடப்பேன். படுத்தால் முட்டும், உட்கார்ந்தால் தலை சுற்றும். விசுவாசப் பிரமாணம் சொல்லிப் பார்த்தேன். தொடக்கத்தில் வருகிற வானமும் பூமியும் வரைக்கும்கூட ஒரு மூச்சு வரவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. செத்துப்போவேன் என்று இல்லை. பிழைத்தாலும் இந்த மூச்சோடு என்ன செய்வேன் என்று.

அடுத்த கட்டில்காரர் பிரகாசியைக் கூப்பிட்டு, தாயி, அவர் டம்ளரைத் தனியா வை, பிள்ளைகள் வரக்கூடாது என்று புத்தி சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். பிரகாசி சரி அண்ணாச்சி என்றாள். நான் பாதி குடித்து வைத்த காப்பியை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தைக் குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவப் போனாள். அவளும் அதிகம் பேசுகிறவள் இல்லை.

எனக்குப் பேச மூச்சு இல்லை. கூப்பிட்டால் சத்தம் வராது. சூசை இதைப் பார்த்துவிட்டு ஒரு காரியம் செய்தான். அவன் துண்டின் ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினான். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தான்.

“ஒரு இழுப்பு இழும் அத்தான். நான் வந்திருதேன். தண்ணியில இருந்தே தூக்கியிருக்கேன், கட்டில்ல இருந்து தூக்க மாட்டனா?”

நர்சம்மாக்கள் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலும் பிரகாசி கால் தேய்ப்பதை விடவில்லை. நெஞ்சை டாக்டர் பார்க்கிறார், காலையாவது நான் பார்க்கிறேன் என்பது அவள் நினைப்பு. சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவருவாள். டீக்கடையில் சுட வைத்து வாங்கிக்கொள்வாள். சாயந்தரம் எல்லோரும் கீழே போன நேரம் பார்த்து, போர்வைக்கு உள்ளே கையை விட்டுத் தேய்ப்பாள்.

அப்படி ஒரு சாயந்தரம். அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. இந்தத் தடவை குத்து இல்லை. யாரோ நெஞ்சு மேல் நங்கூரத்தை வைத்தது மாதிரி. கண்ணுக்கு முன்னே கறுப்பு. துண்டை இழுத்தேன். சூசை எழுந்ததும் ஓடியதும் தெரியும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிட்டது என்று அப்புறம் சொன்னான்.

கண் திறந்தபோது மூக்கில் ரப்பர் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. ஒரு பெண் டாக்டர் நின்றார். நாசரேத் பக்கத்து அம்மா. அன்றைக்குத்தான் எங்கள் வார்டுக்கு வந்திருந்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிரகாசியைப் பார்த்தார். அவள் எண்ணெய்க் கையோடு கால்மாட்டில் நின்றாள். பதற்றத்தில் மறுபடி காலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

“கையை எடும்மா” என்றார் டாக்டர்.

சத்தம் போடவில்லை. பிரகாசி எடுத்துவிட்டாள்.

போர்வையை விலக்கினார். தையல்காரர் வைத்திருக்கிற நாடா மாதிரி ஒன்று எடுத்து வலது கெண்டைக்காலை அளந்தார், பிறகு இடது. மறுபடி அளந்தார். எப்போதில் இருந்து வீக்கம் என்றார். பிரகாசிதான் சொன்னாள், திருக்கை குத்தினது, படுத்தது, தேய்த்தது எல்லாம். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். காலை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருந்தால், அதிலும் புண் பழுத்துக் கிடந்தால், காலுக்கு உள்ளே போகிற பெரிய ரத்தக் குழாயில் ரத்தம் ஓடாமல் தயிர் மாதிரி உறைந்துவிடும். அதுதான் வீக்கம், சூடு, இழுப்பு. முள்விஷம் இல்லை. அந்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்ந்தால் ரத்தத்தோடு மேலே போய், இருதயம் வழியாய் நுரையீரலில் புகுந்து குழாயை அடைக்கும். உப்பள வாய்க்காலில் பாசி பிய்ந்து வந்து மடையில் அடைத்தால், அதற்கு அந்தப் பக்கம் பாத்தியில் தண்ணி ஏறாது இல்லையா, அப்படி. அடைத்த இடத்தில் நுரையீரல் புண்படும். அந்தப் புண்தான் விலாக் குத்து, அந்தப் புண்தான் இருமலில் ரத்தம். படத்தில் தெரிந்த நிழலும் அதுதான். சின்னத் துண்டு என்றால் பிழைக்கலாம். பெரிய துண்டு என்றால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். காலைத் தேய்த்தால் துண்டு பிய்யும்.

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் பிரகாசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நல்ல மனுஷி. ஆனால் பிரகாசி கேட்டுக்கொண்டுதானே நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அன்றைக்கே மருந்து மாறியது. ஹெப்பாரின் என்று ஒரு ஊசி. ரத்தத்தை மேற்கொண்டு உறையவிடாது. பழைய கட்டியை உடம்பே மெள்ளக் கரைத்துக்கொள்ளும். அந்த ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோயிருந்தது. சூசை திருநெல்வேலிக்கு பஸ் ஏறினான். பேரை மறந்துவிடக் கூடாது என்று பஸ் முழுக்க ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டு போனானாம். பக்கத்தில் இருந்த ஆள் வேறு இடம் மாறி உட்கார்ந்துவிட்டாராம். செலவைப் பற்றி ஒன்று மட்டும் எழுதுகிறேன். படுத்தவனுக்கும் பங்கு வைப்பது எங்கள் வள்ளத்து வழக்கம். அன்றன்றைக்கு எடுத்த சங்கில் என் பங்கை ஓரமாய்க் குவித்து விற்றுக் கொடுத்தார்கள். முங்காமலே பங்கு வாங்கித் தின்பது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் ஊசி அதில்தான் வந்தது.

ஊசி போடப் போட ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கண்ணாடிக் குழாயில் விட்டு, லேப்காரர் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று. சீக்கிரம் உறைந்தால் மருந்து போதாது. உறையாமலே இருந்தால் மருந்து அதிகம், எங்காவது ரத்தம் கசியும். குத்தின இடமெல்லாம் கறுத்துப்போனது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. எல்லாம் கட்டிலில்தான். வெட்கமும் போய்விட்டது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அது சுற்றும், நிற்கும், சுற்றும். களைப்பு என்றால் வேலை செய்து வரும் களைப்பு இல்லை. ஒரு வாய்க் கஞ்சி விழுங்கினால் உறங்க வேண்டும். ஒரு பக்கம் திரும்பினால் உறங்க வேண்டும். மூச்சு விடுவதே ஒரு நாள் கூலிவேலையாய் இருந்தது.

பிரகாசி வருவாள், கஞ்சி ஊட்டுவாள், முகம் துடைப்பாள். கால்மாட்டுப் பக்கம் மட்டும் போகமாட்டாள். போர்வை விலகிக் கிடந்தால்கூட சூசையைத்தான் இழுத்துவிடச் சொல்வாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் மூச்சு வந்ததும் முதலில் அவளிடம்தான் பேசினேன்.

“ஏளா, எனக்கு இது கடல்லயே வந்தாச்சு. நீ ஆஸ்பத்திரியில தேய்ச்சதுல ஒண்ணும் வரல.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கும் விடியக்காலம் தேய்ச்சுத்தானே அனுப்பினேன்” என்றாள்.

 நோவு இருந்தால்தான் விஷம் இறங்கும் என்று அவளிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தன். அதைச் சொல்ல நினைத்தேன். மூச்சு போதவில்லை. அவள் கையைப் பிடித்தேன். கொடுத்தாள். கை மட்டும் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்றைக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாசக்கணக்கில் தின்ன வேண்டும். இடையிடையே வந்து ரத்தம் காட்ட வேண்டும். காலைத் தொங்கப் போட்டு உட்காரக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், யாரும் தேய்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றே ஒன்று கேட்டேன். மூச்சு திரும்புமா?

“நடக்கிற மூச்சு வந்துடும். முங்குற மூச்சு வரும்னு நான் சொல்லமாட்டேன். இந்த மாத்திரை சாப்பிடுற வரைக்கும் நீங்க முங்கவே கூடாது. உங்க ஆளுங்களுக்குக் காதுலயும் மூக்குலயும் வருதே ரத்தம், உங்களுக்கு வந்தா நிக்காது.”

கடலுக்குக் கட்டுகிற கப்பம் என்று அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் மாசங்கள் போயின. முதலில் கோயில் வரைக்கும் நடந்தேன். பிறகு கடற்கரை வரைக்கும். வீக்கம் வடிந்தது, சாயந்தரமானால் கொஞ்சம் கனக்கும். குத்து போய்விட்டது. பிறகு ஒரு நாள், வாசலில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து அடக்கினேன். விசுவாசப் பிரமாணம் சொல்ல ஆரம்பித்தேன். எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. வானமும் பூமியும் தாண்டியது. கன்னிமரியாள் தாண்டியது. காது அடைத்தது. பிலாத்து வந்தது. மணல் தட்ட வேண்டிய இடம். விடவில்லை. பாடுபட்டு, அறையுண்டு, மரித்து, அடக்கம் செய்யப்பட்டு என்று போய்க்கொண்டிருந்தேன்.

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த பிரகாசிக்கு என் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவள் காது அதிலேதான் இருக்கும். ஈரக் கையோடு ஓடிவந்தவள், என்னைப் பிடித்து உலுக்கினாள். பிடித்தது இடது காலை.

“ஏங்க, மூச்சை விடுங்க” என்றாள்.

விட்டேன். இரைத்தது. அவள் தன் கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தாள். நெருப்பைத் தொட்டதுபோல எடுக்கப் போனாள். அவள் கை மேல் என் கையை வைத்தேன்.

“இருக்கட்டும்ளா. தேய்க்க வேண்டாம். சும்மா இருக்கட்டும்.”

கை இருந்தது. மீன் செதிள் ஒட்டின கை.  உள்ளே பூனை மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அன்றைக்கு அடக்கம் வரைக்கும் போனேன். பிறகும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே போகவில்லை. மாத்திரை நின்றுவிட்டது, டாக்டரும் இனி வர வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் ஆமென் வராதவன் முங்கக் கூடாது. அது எங்கள் கணக்கு. அதை மாற்ற என்னால் முடியாது.

இந்த வருஷம் சூசைதான் முங்கினான். கயிற்றை நான் பிடித்தேன். மச்சினனுக்கு அத்தான் கயிறு பிடிப்பது எங்கள் பக்கத்தில் இல்லாதது. கரையில் சிலர் பேசினார்கள். அவர்களுக்கு சூசையே பதில் சொன்னான்: ஆஸ்பத்திரியில் துண்டை ஒழுங்காய் இழுத்த கை அது, எனக்கு அது போதும்.

குளியாட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மூக்கில் வருகிற ரத்தம் வேறு, இருமலில் வருகிற ரத்தம் வேறு. ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்காதீர்கள். நெஞ்சு நோவுக்குப் போனாலும் காலைக் காட்டுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

சூசை முங்கினதும் மேலே இருந்து நான் பிரமாணம் சொல்லத் தொடங்குவேன். ஆமென் வரைக்கும் காத்திருக்க வேண்டும். என்னால் முடிவதில்லை. அவன் இழுக்காமலே நான் தூக்கிவிடுகிறேன். வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணியைத் துப்பிவிட்டு ஏசுவான்.

“பிலாத்தே இன்னும் வரல, அதுக்குள்ள இழுத்துப் போட்டுட்டீரே அத்தான். சங்கு கைக்கு எட்டுற தூரத்துல கெடந்துச்சு.”

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். ஏசட்டும். ஏசுவதற்கும் மூச்சு வேண்டுமே.